உப்புத் தண்ணீர் மேல் போட்ட பழி: ஒரே குடும்பத்தில் கல், குடல்புண், பிட்யூட்டரி கட்டி

எங்கள் பக்கம் கிட்னியில் கல் என்றால் யாரும் காரணம் தேடுவதில்லை. “இந்த உப்புத் தண்ணியக் குடிச்சா கல்லு வராம வேற என்ன வரும்?” என்பார்கள். வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்வார்கள். மண்டபம், பெரியபட்டினம், ஏர்வாடி, சாயல்குடி என்று கடலோரம் நெடுக நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்புதான். வெயிலும் கடுமை. வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற உடம்பில் கல் சேர்வது உண்மை. பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

நான் இந்தக் கடற்கரை ஊர் ஒன்றில் லேப் டெக்னீஷியன். பதினாறு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். இதை எழுத வைத்தது ஒரு குடும்பம். அடையாளம் தெரியாமலிருக்க வயதையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பை கட்டி முங்கும் வேலை. மூன்றாவது தடவையாகக் கல் வந்தபோது டாக்டர் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். 11.9 வந்தது. 10.5-ஐத் தாண்டக் கூடாது. கையில் கட்டும் ரப்பரை இறுக்கிக் கட்டி வெகுநேரம் வைத்திருந்தால் கால்சியம் கொஞ்சம் ஏறிக் காட்டும். அதனால் மறுநாள் வரச் சொல்லி, ரப்பர் கட்டாமலே எடுத்தேன். 11.8.

இரண்டு மாதம் கழித்து அவருடைய மகள் வந்தாள். இருபத்துமூன்று வயது. கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. ஒன்றரை வருஷமாக மாதவிலக்கு நின்றிருந்தது. ராமேஸ்வரத்தில் நாகப் பிரதிஷ்டை செய்தாயிற்று, ஏர்வாடி தர்காவில் நேர்ச்சையும் ஆயிற்று. ஊசி குத்தும்போது தலையைக் குனிந்தபடி சொன்னாள்: “அக்கா, பிள்ளை பெறாமலே பால் வருது. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா வேற மாதிரி பேசுவாங்க. நீங்க யார்கிட்டயும் சொல்லிறாதீங்க.” பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 310. அந்த வயதுப் பெண்ணுக்கு ஏறக்குறைய 25-க்குள் இருக்க வேண்டும்.

இரண்டு ரிப்போர்ட்டும் என் கையால் போனவை. இரண்டிலும் ஒரே தெருப் பெயர். நான் சேர்த்துப் பார்க்கவில்லை. மதுரையில் ஹார்மோன் டாக்டர் ஒருவர் அந்தப் பெண்ணைப் பார்த்ததும் கேட்ட முதல் சில கேள்விகளில் ஒன்று, “உங்க அம்மாவுக்குக் கிட்னியில கல்லு உண்டா?” பிட்யூட்டரியில் கட்டி இருக்கிற பெண்ணிடம் அம்மாவின் கல்லைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற விஷயத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பிட்யூட்டரி பட்டாணி அளவுச் சுரப்பி. எடை அரை கிராம் பக்கம். மூக்குக்குப் பின்னால், மண்டை எலும்பின் அடித்தளத்தில் குதிரைச் சேணம் போல ஒரு குழி, அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. தைராய்டு, அட்ரினல், சூலகம், விந்தகம் எல்லாவற்றுக்கும் உத்தரவு இங்கிருந்துதான் போகிறது. வளர்ச்சி ஹார்மோனும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினும் இங்கேதான் உற்பத்தி. இதில் வரும் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. உடம்பில் வேறிடங்களுக்குப் பரவாது. தொல்லை இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, கட்டி தன் இஷ்டத்துக்கு ஹார்மோனைக் கொட்டும். மற்றொன்று, வளர்ந்து பக்கத்தில் இருப்பதை அழுத்தும். சுரப்பிக்கு நேர் மேலே இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடம். அங்கே அழுத்தம் விழுந்தால் இரு பக்கத்து ஓரப் பார்வையும் மங்கும். நேரே பார்ப்பது தெளிவாகத் தெரியும். படகில் நிற்பவருக்குப் பக்கத்திலிருந்து வரும் வள்ளம் தெரியாது. கடைத்தெருவில் நடப்பவர் ஆள்மேல் இடித்துக்கொண்டே போவார். கண்ணில் புரை என்று நினைத்து நாள் கடத்துகிறவர்கள் உண்டு.

இந்தக் கட்டிகளில் பெரும்பான்மை தனியாக, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் வருபவை. நூற்றில் ஐந்து அளவுக்குத்தான் பரம்பரை வழியில் வருகிறது. அந்த ஐந்துதான் நம் வீட்டுப் பேச்சில் சிதறிப்போகிறது.

அப்படிப்பட்ட பரம்பரை நோய்களில் முக்கியமானது மென்-1. பல சுரப்பிகளில் ஒரே சமயத்தில் கட்டி வரும் நோயின் முதல் வகை என்று பொருள். 1954-இல் பால் வெர்மர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு தகப்பனுக்கும் அவருடைய மகள்கள் பலருக்கும் இது இருந்ததை விவரித்து, பரம்பரையாக வருவது என்று எழுதினார். மூன்று இடங்களை இது தாக்கும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி போல இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள், கணையமும் அதையொட்டிய முன்குடலும், பிறகு பிட்யூட்டரி. பாராதைராய்டு கெட்டால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து ரத்தத்தில் ஏறி, சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது. மென்-1 உள்ளவர்களில் ஐம்பது வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் இது வந்துவிடும். பெரும்பாலும் முதலில் தலைகாட்டுவதும் இதுதான். பிட்யூட்டரி கட்டி பத்தில் மூன்று நான்கு பேருக்கு. டாக்டர் அம்மாவின் கல்லைக் கேட்டது இதனால்தான்.

அந்தப் பெண்ணின் தாய்மாமனைப் பற்றியும் டாக்டர் கேட்டிருக்கிறார். மாமா விசைப்படகில் போகிறவர். பதினைந்து வருஷத்துக்கு முன்பு குடல்புண் வெடித்து ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகும் நெஞ்செரிச்சலும் வயிற்றுப்போக்கும் விடவில்லை. “வெறும் வயித்தோட கடலுக்குப் போறவன், புண்ணு வராதா” என்பது வீட்டார் சொன்ன காரணம். கணையத்திலோ முன்சிறுகுடலிலோ காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கொட்டும் கட்டி இருந்தால் வயிற்றில் அமிலம் ஊற்றெடுத்து, ஆறாத புண்ணும் பேதியும் வரும். 1955-இல் சோலிங்கர், எல்லிசன் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். கல்லுக்கு உப்புத் தண்ணீர், புண்ணுக்கு வெறும் வயிறு, மகளின் தலைவலிக்கு வெயில், பிள்ளையில்லாததற்கு தோஷம். ஒரே வீட்டுக்குள் நான்கு காரணம். நான்கும் எங்கள் ஊரில் செல்லுபடியாகிற காரணங்கள் என்பதுதான் துயரம்.

இது எப்படிப் பரம்பரையாகிறது என்பதைக் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்வது எளிது. கொந்தளிப்பில் ஒரு படகை இரண்டு நங்கூரம் போட்டு நிறுத்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். நம் ஒவ்வொரு செல்லிலும் மென்-1 மரபணு இரண்டு பிரதி இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. செல் கண்டபடி பெருகாமல் பிடித்து வைக்கும் மெனின் என்ற புரதத்தை அது தயாரிக்கிறது. பரம்பரைக் குடும்பத்தில் பிறக்கும் பிள்ளைக்கு எல்லாச் செல்லிலும் ஒரு நங்கூரக் கயிறு பிறக்கும்போதே அறுந்திருக்கும். வளரும் காலத்தில் ஏதோ ஒரு சுரப்பியின் ஏதோ ஒரு செல்லில் மற்ற கயிறும் அறுந்தால், அந்தச் செல் கட்டியாகத் தொடங்குகிறது. கோடிக்கணக்கான செல்களில் ஒன்றில் அறுந்தால் போதும் என்பதால், வாழ்நாளில் எங்காவது அது நடந்தே தீரும் என்ற நிலை. மற்றவர்களுக்கு ஒரே செல்லில் இரண்டு கயிறும் அறுவது அபூர்வம். இரண்டு அடி என்ற இந்தக் கருத்தை ஆல்ஃபிரட் நட்சன் 1971-இல், குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை வைத்து முன்வைத்தார். மென்-1 மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1988-இல் தெரிந்தது. மரபணுவையே 1997-இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் சந்திரசேகரப்பா.

மென்-1 ஏறக்குறைய முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் ராமநாதபுரம் மாவட்ட மக்கள்தொகை பதின்மூன்றரை லட்சம். அந்த வீதத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் நம் மாவட்டத்தில் நாற்பத்தைந்து பேர். பதினாறு வருஷத்தில் என் லேப்பைத் தாண்டிப் போன கல் நோயாளிகள் எத்தனை பேர் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

“சொந்தத்துல கட்டுனதாலதான் இப்படி” என்று வீட்டுக்கு வீடு சொல்வதை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற பரம்பரை நோய்கள் உண்டு. அவை, இரண்டு பிரதியும் கெட்டுப் பிறந்தால்தான் வெளிப்படுபவை. மென்-1 அப்படியல்ல. தாயிடமோ தகப்பனிடமோ ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம். அன்னியத்தில் கட்டினாலும் அதே வாய்ப்பு. பத்தில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரும். ஆகவே நோயை உண்டாக்கியது கல்யாணம் அல்ல.

ஆனால் நம் வழக்கம் வேறொரு முடிச்சைப் போட்டுவிடுகிறது. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தது மேலே சொன்ன அதே தாய்மாமன் மகனுக்கு. அம்மாவுக்கும் மாமாவுக்கும் இந்த மரபணு இருக்கிறது என்றால் அவளுக்கு வந்ததைப் போலவே அவள் புருஷனுக்கும் வந்திருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. பிள்ளையில்லை என்று மூன்று வருஷமாக அவளை மட்டுமே ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அலைய விட்டார்கள். அவனைக் கூட்டிப்போய் ஒரு சோதனையும் செய்யவில்லை. ஆணுக்குப் புரோலாக்டின் கட்டி வந்தால் பால் வருவது அபூர்வம். ஆசை குறையும், ஆண்மை குறையும், விந்தணு குறையும். வெட்கத்தில் சொல்லமாட்டார்கள். கட்டி பெரிதாகிக் கண்ணை அழுத்திய பிறகே பெரும்பாலும் டாக்டரிடம் போவார்கள். அந்தப் பையனுக்கு மரபணுவில் குறை இல்லை என்று பின்னால் வந்தது. மாமாவுக்கு இருந்தது.

மென்-1-இல் வரும் பிட்யூட்டரி கட்டிகளில் அதிகம் புரோலாக்டின் கட்டிதான். 2002-இல் வெளியான பிரெஞ்சு–பெல்ஜிய ஆய்வு ஒன்றில், மென்-1 நோயாளிகளின் பிட்யூட்டரி கட்டிகளில் நூற்றுக்கு 85 ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கட்டிகள்; பரம்பரை இல்லாதவர்களில் 42. மருந்துக்கும் அவ்வளவு எளிதில் மசியவில்லை என்றது அந்த ஆய்வு. படித்தவர்களுக்குப் பயம் வந்தது. பிறகு 2015-இல் நெதர்லாந்து ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நோய் தெரிந்த குடும்பங்களில் தொந்தரவு வருவதற்கு முன்பே தேடிப் பார்த்தபோது அகப்பட்ட கட்டிகள் பெரும்பாலும் சின்னவை, மெதுவாகவே வளர்பவை, புரோலாக்டின் கட்டிகள் மருந்துக்குக் கட்டுப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது, தேடிப் போகிற குடும்பத்துக்கும் காத்திருக்கிற குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம்.

வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டும் கட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அது கண்ணுக்கு முன்னாலேயே தெரியாமல் போகிறது. எலும்பு வளர்ச்சி முடியாத வயதில் வந்தால் பிள்ளை அசாதாரண உயரம் வளரும். வளர்ச்சி முடிந்த பிறகு வந்தால் உயரம் கூடாது. கை, கால், தாடை, மூக்கு, நாக்கு தடிக்கும். அக்ரோமெகலி என்று 1886-இல் பியர் மரீ பெயர் வைத்தார். சர்க்கரை, பிரஷர், தூக்கத்தில் மூச்சடைப்பு, மூட்டு வலி எல்லாம் கூடவே வரும். தொடங்கி ஐந்து, பத்து வருஷம் கழித்தே கண்டுபிடிப்பது உலகம் முழுக்க வழக்கம். கூடவே இருப்பவர்களுக்கு மாற்றம் தெரியாது.

பாடப் புத்தகத்தில் கேட்கச் சொல்லும் கேள்வி, “ஷூ சைஸ் மாறிவிட்டதா?” என்பது. வெறுங்காலோடு மணலில் வலை இழுக்கிறவரிடம், அவிழ்ந்த ரப்பர் செருப்போடு மீன் ஏலத்துக்கு வருகிற பெண்ணிடம் இதைக் கேட்டு என்ன பயன்? எங்கள் பக்கம் கேட்க வேண்டியது மெட்டியைப் பற்றி. பாம்பனிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுக்கும்போது பார்த்தேன். மெட்டி விரலுக்குள் புதைந்து, அதன் இரண்டு பக்கமும் சதை பிதுங்கியிருந்தது. “ஏத்தா, கல்யாணத்துக்குப் போட்டது. மூணு வருஷமா கழட்ட முடியல, ஆசாரிகிட்டப் போயி அறுக்கணும்” என்றார். வளையல் அளவும் இரண்டு தடவை மாற்றியிருந்தார். வோட்டர் ஐடியில் இருந்த முகத்துக்கும் எதிரே இருந்த முகத்துக்கும் தாடையும் மூக்கும் ஒத்துப்போகவில்லை. சர்க்கரைக்கு வந்தவர் அவர். டாக்டரிடம் சொன்னேன், ஐஜிஎஃப்-1 பார்க்கச் சொன்னார். வளர்ச்சி ஹார்மோன் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும், ஒரு தடவை எடுத்தால் ஒன்றும் தெரியாது. அந்த ஹார்மோனின் தூண்டுதலில் உடம்பு தயாரிக்கும் ஐஜிஎஃப்-1 நிலையாக நிற்பது. அது அவருக்கு வயதுக்குரிய அளவைப் போல மூன்று மடங்கு இருந்தது.

பரம்பரையில் இந்த வளர்ச்சி ஹார்மோன் கட்டியை முன்னிறுத்தும் மரபணு ஏஐபி. 2006-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மென்-1 போல இதில் கல்லும் புண்ணும் வராது, பிட்யூட்டரி மட்டும்தான். இளவயதில் வரும், கட்டி பெரிதாக இருக்கும், வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் ஆக்ட்ரியோடைட் ஊசிக்குச் சரியாக அடங்காது. இன்னொரு சிக்கல், மரபணுக் குறை உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே கட்டி வருகிறது. அதனால் தாத்தாவுக்கு வந்து, அப்பாவைத் தாண்டி, பேரனுக்கு வரும். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று நாம் சொல்லிவிடுவோம்.

1783-இல் லண்டனில் தன் இருபத்திரண்டாவது வயதில் இறந்த சார்ல்ஸ் பைர்ன் என்ற அயர்லாந்துக்காரர் ஏறக்குறைய ஏழரை அடிக்கு மேல் உயரம். இறந்த பிறகு தன் உடலை மருத்துவர்கள் எடுத்துவிடக் கூடாது, கடலில் புதைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர். எடுத்துவிட்டார்கள். எலும்புக்கூடு இருநூறு வருஷத்துக்கு மேல் அருங்காட்சியகத்தில் நின்றது. 1909-இல் ஹார்வி குஷிங் என்ற அறுவை மருத்துவர் மண்டையோட்டைத் திறந்து, பிட்யூட்டரி குழி விரிந்திருப்பதைக் கண்டார். 2011-இல் அவர் பல்லிலிருந்து எடுத்த மரபணுவில் ஏஐபி குறை இருந்ததை உறுதி செய்தார்கள். இன்று வட அயர்லாந்தில் வாழும் சில குடும்பங்களிலும் அதே குறை. எல்லோருக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரே மூதாதை. 2023-இல் அருங்காட்சியகம் மறுபடி திறந்தபோது அந்த எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைக்கவில்லை. கடலில் சேர வேண்டும் என்று கேட்ட மனிதனின் ஆசை இன்னும் நிறைவேறவில்லை. கடலுக்குப் போனவர்களின் உடலுக்காகக் கரையில் காத்திருக்கிற ஊரில் வாழ்கிறவள் நான். இதைப் படித்தபோது அறிவியலோடு சேர்ந்து அதுவும் நெஞ்சில் தங்கிவிட்டது.

மீதி இருக்கும் நோய்களைச் சுருக்கமாகச் சொல்லலாம், அவற்றுக்குள் ஒரு ஒற்றுமை இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் செல்லுக்குச் சுரக்கச் சொல்லும் உத்தரவு, மோட்டாருக்குப் போகும் கரண்ட் போல ஒரே கம்பி வழியாக உள்ளே போகிறது. கம்பியின் வாசலில் நிற்கும் ஜிபிஆர்-101 என்ற வாங்கி தேவைக்கு மேல் பெருகினால் குழந்தை முதல் வயதிலேயே மளமளவென்று வளரத் தொடங்குகிறது. 2014-இல் கண்டது இது. அடுத்து இருக்கும் ஜிஎன்ஏஎஸ் சுவிட்ச் ‘ஆன்’-இலேயே சிக்கிக்கொண்டால் மெக்யூன்–ஆல்பிரைட் நோய். இது பரம்பரை அல்ல, கருவில் உடம்பு உருவாகும்போது ஒரு செல்லில் ஏற்படும் பழுது. தோலில் காப்பி நிறத் திட்டும், எலும்புச் சிதைவும், வயதுக்கு முன்பே பூப்பெய்துவதும் சேர்ந்து வரும். அந்தத் திட்டின் ஓரம் அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரை மாதிரி வெட்டுப்பட்டு இருக்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்லும். கம்பியின் கடைசியில் இருக்கிற பிரேக் தேய்ந்தால் கார்னி நோய். 1985-இல் விவரித்தார்கள், மரபணு 2000-இல் தெரிந்தது. உதட்டிலும் கண்ணிமையிலும் கருமையான புள்ளிகள், இதயத்துக்குள் மிக்சோமா என்ற கட்டி. அந்த இதயக் கட்டி உதிர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் என்பதால், புள்ளிகளைப் பார்த்த டாக்டர் இதய எக்கோ எடுக்கச் சொல்வார்.

அட்ரினல் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசாலை ஏற்றிவிடும் பிட்யூட்டரி கட்டி, குஷிங் 1932-இல் விவரித்தது, மென்-1 குடும்பங்களிலும் எப்போதாவது வரும். முகம் நிலா போல உப்பும், வயிறு பெருக்கும், கைகால் மெலியும், வயிற்றில் செந்நீலக் கோடுகள் விழும். ஆனால் எங்கள் ஊரில் இந்தத் தோற்றத்தோடு ஒருவர் வந்தால் நான் முதலில் கேட்பது, மூட்டு வலிக்கு யாராவது பொட்டலத்தில் கட்டிக் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது. ஸ்டீராய்டு கலந்த மாத்திரைகளால் வருகிற நிலா முகம், கட்டியால் வருவதைவிடப் பல மடங்கு அதிகம். அப்படிப்பட்டவர் அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மனசு சம்பந்தமாகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். கால்சியம் மிகவும் ஏறினால் சோர்வு, மறதி, குழப்பம் வரும். கார்டிசால் ஏறினால் தூக்கமின்மை, மனச்சோர்வு, சிலருக்குச் சித்தம் கலங்குவதும் உண்டு. ஏர்வாடிக்கு மனநோயாளிகளைக் கூட்டிவருகிற வழக்கம் நமக்குப் பழையது. 2001 ஆகஸ்ட் 6-இல் அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் மாண்டதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. தர்காவுக்கு வருகிறவர்களின் நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போகிற வழியில் ஒரு தடவை கால்சியம் பார்த்துவிட்டுப் போகலாமே என்றுதான் கேட்கிறேன். மிகச் சாதாரணமான சோதனை அது.

புரோலாக்டினுக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு என் தொழிலிலிருந்து சில வார்த்தைகள். பஸ் பிடித்து ஓடி வந்து உடனே கையை நீட்டாதீர்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள், பதற்றமே அந்த எண்ணைக் கூட்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்செரிச்சலுக்கும் வாந்திக்கும் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரைகள் பலவற்றில் டாம்பெரிடோன் இருக்கிறது, அது புரோலாக்டினை ஏற்றும். மனநோய் மருந்துகள் சிலவும் ஏற்றும். கர்ப்பத்தில் ஏறுவது இயல்பு. அதனால் எண் கூடியதும் கட்டி என்று அழ வேண்டியதில்லை. மறுபக்கம், ஸ்கேனில் கட்டி பெரிதாக இருந்து புரோலாக்டின் சுமாராகவே வந்தால் நாங்கள் அந்த ரத்தத்தை நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பார்ப்போம். அளவு மிகமிக அதிகமானால் சோதனை திணறிக் குறைத்துக் காட்டும் என்பதால்.

புரோலாக்டின் கட்டிக்கு முதல் வைத்தியம் கத்தி அல்ல என்பதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். காபர்கோலின் மாத்திரை, பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு நாள். மூளையிலிருந்து இயல்பாக வரும் டோபமைன்தான் புரோலாக்டினை அடக்கி வைக்கிறது. மாத்திரை அந்த வேலையைச் செய்கிறது. சுரப்பு குறைவதோடு கட்டியும் பெரும்பாலானவர்களுக்குச் சுருங்கும். வளர்ச்சி ஹார்மோன், கார்டிசால் கட்டிகளுக்கு மூக்கு வழியாகப் போய் எடுக்கும் ஆபரேஷன்தான் முதல் வழி. 1907-இல் இன்ஸ்ப்ரக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் முதன்முதலில் மூக்கு வழியாகப் போனார். மீதம் நிற்கும் கட்டிக்கு மாத ஊசிகள் உண்டு, விலை கூடியவை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். திடீரென்று தலை பிளக்கிற வலியும் வாந்தியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அதற்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு பல விஷயங்களுக்கு அலைச்சல் குறைந்திருக்கிறது. ஹார்மோன் சிறப்பு டாக்டருக்கு இன்னும் பெரும்பாலும் மதுரைதான். அங்கே போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டியது ஸ்கேன் படத்தோடு ஒரு தாள்: அம்மாச்சி, அப்பத்தா, அத்தை, சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள், யாருக்குக் கல், யாருக்கு ஆறாத புண், யார் அடிக்கடி சர்க்கரை குறைந்து மயங்கி விழுவார்கள், யார் பிள்ளையில்லாமல் போனார்கள், யார் இளவயதில் இறந்தார்கள்.

இங்கே அந்தத் தாளை நிரப்புவது எளிதல்ல. இந்தக் குடும்பத்தின் அம்மாச்சி தனுஷ்கோடியில் பிறந்தவர். “எங்க அய்யா, அண்ணமாரு எல்லாம் புயல்ல போயிட்டாக. யாருக்கு என்ன நோவுன்னு நான் என்னத்தச் சொல்ல” என்றார். 1964 டிசம்பருக்கு முந்தைய கிளை முழுவதும் அந்தத் தாளில் கேள்விக்குறி. ஒரு சின்னம்மா குடும்பம் மன்னாரில். ஒரு பெரியப்பா மகன் சவுதியில். வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பி, ஒவ்வொருவராகக் கேட்டு, ஐந்து வாரத்தில் தாள் நிரம்பியது. மன்னாரில் இருப்பவருக்கும் கல்.

மரபணுச் சோதனைக்கு வாழ்நாளில் ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் போதும். முதலில் நோய் உறுதியான ஒருவருக்குச் செய்து, எந்த எழுத்தில் பிழை என்று தெரிந்துகொண்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்கலாம், செலவு குறையும். மென்-1 உறுதியான பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலிருந்தே ஆண்டுதோறும் புரோலாக்டினும் ஐஜிஎஃப்-1-ம் பார்க்க வேண்டும், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எம்.ஆர்.ஐ., எட்டு வயதிலிருந்து கால்சியம் என்று 2012-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொன்னது. ஐந்து வயதிலேயே பிட்யூட்டரி கட்டி வந்த பிள்ளை உண்டு என்பதால் வைத்த கணக்கு அது. கணையக் கட்டிகளையும் நெஞ்சுக்குள் தைமஸ் கட்டியையும் தேடும் ஸ்கேன்கள் தனி. இந்த நோயில் உயிரைக் குறைப்பவை முக்கியமாக அவைதான், பிட்யூட்டரி அல்ல.

அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் மாதவிலக்கு திரும்பியது. அம்மாவுக்கு மதுரையில் பாராதைராய்டு ஆபரேஷன் முடிந்தது. மூன்றரைச் சுரப்பியை எடுத்து அரைச் சுரப்பியை விட்டார்கள். கடைசியாகச் சோதனைக்கு வந்தவன் அவளுடைய தம்பி, பன்னிரண்டு வயது. நான்தான் ரத்தம் எடுத்தேன். ஊசியைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அவனுக்கு அந்தப் பிழை இல்லை.

அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. “அப்ப வருஷா வருஷம் இவனுக்கு ஊசி குத்த வேணாமா?”

“வேணாங்கக்கா.”

“நாளைக்கு இவனுக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கு?”

“இவன்கிட்ட இல்லாதது இவன் பிள்ளைக்கு வராதுக்கா.”

ரிப்போர்ட்டை இரண்டாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தார். பிறகு வெளியே எடுத்து, மன்னாருக்கு அனுப்ப ஒரு நகல் வேண்டும் என்றார்.